கடைசி இலக்கம்

மணலியில் எடைமேடையில் வேலை எனக்கு.
ராத்திரி முழுக்க லாரிகள் ஏறும், இறங்கும்.
சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை,
கழித்து, சீட்டுக் கிழித்துத் தருவேன்.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தால்
வீட்டுப் பக்கம் திரும்பாமல்
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு விடுகிறேன் ஸ்கூட்டியை.
சீட்டுக்கு அடியில் டிபன் டப்பா, கேமரா, மழைக்கோட்டு.
மூன்றுக்கும் ஒரே வாசனை, புளிசாதம்.

ஊரெங்கும் மேலே கம்பி இழுத்தாகிவிட்டது.
மின்சார எஞ்சின்கள் போகிற சத்தமே தெரிவதில்லை,
கடன் வாங்கினவன்
கடன் கொடுத்தவன் தெருவைக் கடப்பது மாதிரி.
எண்ணெய் ஏற்றுகிற இடத்தில் மட்டும் கம்பி கூடாது.
ஒரு பொறி போதும்.
அதனால் அந்தக் கிளைத்தடத்தில் இன்னும் டீசல்.
பெரும்பாலும் தண்டையார்பேட்டை ஷெட் வண்டிகள்தான்,
தூரத்திலேயே சொல்லிவிடுவேன்:
பம்பர் நெளிந்தது,
ஹார்ன் கம்மியது,
கண்ணாடியில் முருகன் ஒட்டியது.
எப்போதாவது பொன்மலை, ஈரோடு.
காஜிப்பேட்டை வந்தால் தயாபரனுக்குப் போன் போடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது.
கேட் மூடி இருபது நிமிஷம்.
ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, பால் கூடை, பள்ளிக்கூடப் பைகள்.
வெங்கையா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
காதைச் சாய்த்தார்.
"இன்னாமோ புச்சா வர்துமா. நம்ம வண்டி சத்தமில்ல இது."

எனக்கும் கேட்டது.
இட்லிப் பானையின் மூடி துடிக்கிற தாளம்,
ஆனால் தரைதான் பானை.

நீள முதுகை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது.
பின்னால் நாற்பத்தெட்டு டேங்கர்.
பச்சை என்று சொல்லலாம்,
வேறு ஊர் மழையில் வெளுத்த பச்சை.
பக்கவாட்டில் நியூ குவாஹாத்தி என்று ஷெட்டின் பெயர்.
கைப்பிடிக் கம்பியில் யாரோ கட்டிய
சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, கரியேறி.

எப்படி வந்தது?
கல்யாண வீட்டில் குடை மாறிப்போவது மாதிரிதான்.
ஒருவர் எடுத்துப்போனதை இன்னொருவர் எடுத்து,
அவரிடமிருந்து இன்னொருவர்.
யாரும் திருடவில்லை.
யாரும் திருப்பித் தரவும் இல்லை.

பதினோரு படம் எடுத்தேன்.
நாலில் ஷேர் ஆட்டோவின் மூக்கு.
ஒன்றில் வெங்கையாவின் முழங்கை.
ஏழாவதில் உதவி ஓட்டுநர்
பிளாஸ்டிக் கப்பில் டீயோடு வெளியே எட்டி
என்னையே பார்க்கிறார்,
நான்தான் எங்கிருந்தோ வழிதவறி வந்தது போல.
"எதுக்கும்மா?" என்றார்.
பதிலுக்கு முன் ஹார்ன்.

என் மேடையில் ஏற்றவே முடியாத
நூற்றுப் பன்னிரண்டு டன்னை
கேட்டுக் கம்பி பிடித்த உள்ளங்கையால் எடைபோட்டேன்.
போன பிறகும் கம்பி கொஞ்சநேரம்
முள் நிலைக்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்து இலக்க எண்.
கடைசியின் மேல் எண்ணெய் வழிந்திருந்தது.

தயாபரனுக்குப் பெரம்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை.
ஊருக்கெல்லாம் எழுத்துப் பலகை காட்டிப் பவர் சொல்கிறவன்
படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, லென்ஸ் வைத்து
"மூணு" என்றான்.
"எட்டு" என்றேன்.
"எட்டுன்னா அது போன வருஷமே கண்டம் ஆன வண்டி.
உடைச்சு எடைக்குப் போட்டாச்சு. லிஸ்ட்ல இருக்கு."
"லிஸ்ட் என்ன லிஸ்ட். டீ குடிச்சுக்கிட்டே போனாரே ஒருத்தர்."
சிரித்தான்.
சிரித்துவிட்டு மறுபடி லென்ஸை எடுத்தான்.

புதன், வியாழன், வெள்ளி.
தண்டையார்பேட்டை, தண்டையார்பேட்டை,
முருகன் ஒட்டினது.

நோட்டில் நாலு இலக்கம் எழுதி
ஐந்தாவதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி ஜல்லி லாரி ஒன்று மேடை ஏறியது.
நம்பர் பலகையின் ஓரத்தில் சேறு.
ஜன்னலைத் திறந்து கேட்டேன்,
"கடைசி மூணா, எட்டா?"
"ரெண்டும் இல்லக்கா, ஆறு.
சீக்கிரம் போடு, பின்னாடி வண்டி நிக்குது."